ஓடைமேட்டுக்குப்பத்து நளின மாளிகை

ஓடைமேட்டுக்குப்பத்துப் பெண்கள் அரசாங்கத்திடம் கேட்டது நாலு சுவர், ஒரு கூரை, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். ஜன்னல்கூடக் கேட்கவில்லை. ஜன்னல் வேண்டாம் என்று தனியாகவே சொல்லியிருந்தார்கள்.

பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவர்கள் அவர்கள். வலை கிடையாது, படகு கிடையாது. தண்ணீரில் இறங்கிக் குந்தி, பனையோலையில் முடைந்த பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவித் தடவிப் போவார்கள். விரலுக்கடியில் துள்ளினால் அமுக்கிப் பிடித்துப் பறியில் போடுவார்கள். விடியலில் இறங்கினால் கரையேற மதியமாகும். சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கோலத்தில் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் இறக்கிவிடுவார். அதனால் சீமைக்கருவேலம் புதருக்குப் பின்னால் இரண்டு பேர் ஒரு சேலையை விரித்துப் பிடிக்க, மூன்றாமவள் மாற்றிக்கொள்வாள். காற்றடித்தால் சேலை பறக்கும். பக்கத்துப் பாலத்தின்மேல் பைக்கை நிறுத்திவிட்டு அந்தக் காற்றுக்காகக் காத்திருக்கும் ஆம்பளைகளும் உண்டு.

போன மழைக்காலத்தில் அப்படி நின்ற ஒருவன் போனை நீட்டினான். இறால் பிடிப்பவர்களில் ஒருத்தியான அம்மணியின் மகள் சந்தியா அப்போது மாற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் படம் ஆரம்பாக்கம் வரைக்கும் போய்விட்டு ஊருக்குத் திரும்பி வந்தது. அன்றிலிருந்து சந்தியா புதர்ப்பக்கம் போவதில்லை. உப்புத்தண்ணீர் சொட்டும் பாவாடையோடு வீடு வரைக்கும் நடக்கிறாள். தொடை இரண்டும் வெந்து புண்ணாகிவிட்டது. ஏரிக்கே வரமாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தால் அம்மணி அழுதிருப்பாள். அவள் ஒன்றும் சொல்லாமல் நடந்ததுதான் அம்மணியை மனு எழுத வைத்தது. எவன் கண்ணிலும் படாமல் தன் மகள் ஈரத்தை அவிழ்க்க ஓர் இடம் வேண்டும். அவ்வளவுதான்.

மனு முதலில் மீனைக் கவனிக்கும் அலுவலகத்துக்குப் போனது. மீன்கள் உடை மாற்றுவதில்லை என்பதால் இது தங்கள் வேலையில்லை என்றார்கள் அவர்கள். பெண்களைக் கவனிக்கும் அலுவலகத்தில், பெண்கள் சரி, சுவர் எங்களுடையதல்ல என்றார்கள். சுவரைக் கவனிக்கும் அலுவலகத்தில், உடை என்று எழுதியிருப்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு அனுப்பினார்கள். இப்படி ஊர்சுற்றி அது கடைசியில் மரபு நளின மேம்பாட்டு வாரியத்தில் வந்து விழுந்தது.

அப்படியொரு வாரியம் இருப்பது அதன் ஊழியர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்துப் பெண்களின் ஒய்யாரத்தை இந்தக் காலத்துப் பெண்களிடம் மீட்டெடுப்பது அதன் பணி. தொடங்கிய நாள்முதல் எந்தப் பெண்ணும் அதனிடம் எதையும் கேட்டதில்லை. முதன்முதலாக ஒரு மனு வந்ததும் வாரியத் தலைவர் துளசிங்கம் அன்றைக்கே காரில் கிளம்பிவிட்டார்.

கரையில் இறங்கி, ஷூவில் சேறு படாமலிருக்க ஒரு பலகையைப் போடச் சொல்லி, அதன்மேல் நின்று பேசினார்.

“தாய்மார்களே! உடை மாற்றுவது என்பதை நீங்கள் ஒரு வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது ஒரு கலை. அந்தக் காலத்தில் ஒரு நாயகி உடை மாற்றப் போனால் ஊரே மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கும். நீங்களோ இத்தனை வருடமாகப் புதர் மறைவில் மாற்றியிருக்கிறீர்கள். வரும் வழியில் பார்த்தேன். அருமையான இடம்! ஆனால் வெளிச்சம் போதாது. இந்தக் குறையைப் போக்காமல் வாரியம் ஓயாது.”

எல்லோரும் கை தட்டினார்கள். அம்மணி தட்டவில்லை.

பக்கத்தில் நின்ற தேசம்மா இடித்தாள். அம்மணிக்கு ஏரியில் வலக்கைப்பக்கம் எப்போதும் குந்துகிறவள் தேசம்மா. வாய் மட்டும் ஏரியைவிடப் பெரிது. “இன்னாடி, ரூம் வருதுன்றான், மூஞ்சிய தூக்கி வச்சிகினு கீற?”

“வெளிச்சம் போதலன்னு சொல்றான் தேசக்கா. நாம கேட்டது இருட்டு.”

“கவுர்மெண்டு ஆளு அப்டித்தான் பேசுவான். சொவுரு வந்தா சரி.”

சுவர் வந்தது. அம்மணி எதிர்பார்த்ததைவிட வேகமாக வந்தது, அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை. ரேஷன் கடைக்குக் கூரை போட்டுத் தர எத்தனை வருடம் இழுத்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். இவர்கள் ரோஸ் நிறத்தில் சுவர் எழுப்பி, வாசலில் சுருள் சுருளாக இரும்புக்கொடி வைத்து, “நளின மாளிகை” என்று எழுதியும் விட்டார்கள். உள்ளே வெல்வெட் திண்டு. தரை முழுக்கக் கம்பளம். தாழ்ப்பாள்கூட இருந்தது, பித்தளையில். ஏரியைப் பார்த்த பக்கம் மட்டும் நீலத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். திறப்புவிழா அன்று எடுப்பார்களாம்.

“நெலத்துக்குத்தான் வர்றானுங்க,” என்றாள் அம்மணி. “மொதல்ல ரூமு, அப்பால ரோடு, அப்பால நம்மள வெளிய போன்னுவானுங்க.”

“இந்தச் சேத்த எவன்டி கேக்கப் போறான்?”

அம்மணி அந்தத் தார்ப்பாயையே பார்த்தாள். சந்தேகம் போகவில்லை.

கட்டி முடித்த அன்று மதியம் ஏரியிலிருந்து நேராக மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். வாசலில் வாரியத்தின் நளினப் பயிற்றுநர் ஆர்த்தி நின்றிருந்தாள். சென்னையிலிருந்து மின்சார ரயிலில் பொன்னேரி வந்து, ஷேர் ஆட்டோ பிடித்து வரும் பெண். குதிகால் செருப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் நின்றபடி கதவை மறித்தாள்.

“சாரிக்கா. ஈரமானவங்க உள்ள வரக்கூடாது. கம்பளம் ஊறிடும்.”

“ஈரத்த மாத்தத்தானேமா ரூமு?”

“ஆமாங்க்கா.”

“அப்ப ஈரமா வராம எப்டி வர்றது?”

ஆர்த்தி கொஞ்சம் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். “வெளிய மாத்திட்டு வந்து உள்ள மாத்திக்கலாம்,” என்றாள்.

சந்தியா திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஒட்டிய பாவாடை அவள் ஒவ்வோர் அடிக்கும் சத்தம் போட்டது.

மறுநாள் மாளிகை வாசலில் பயிற்சி தொடங்கியது. பயிற்சியை முடிக்காதவர்களுக்கு மாளிகை கிடையாது என்பதால் உலர்ந்த சேலையோடு எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். வாசல் சுவரில் ஒரு பெரிய கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருந்தது. புள்ளி போட்ட சேலை, பூரி மாதிரி உப்பிய ரவிக்கைக் கை, நெற்றிமேல் சுருட்டி நிறுத்திய முடி, காதுவரை இழுத்த கண்மை, கழுத்தில் ஒற்றைச் சரம் முத்து. அந்தப் பெண் தன் தோளுக்கு மேலாக யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாருமா இது? எந்தப் படத்துல வந்துச்சி?” என்றாள் தேசம்மா.

“யாரும் இல்லக்கா. அந்தக் காலத்து அழகி. போன வாரம் கம்ப்யூட்டர்ல வரைஞ்சாங்க.”

“போன வாரம் பொறந்தவ, அந்தக் காலத்து அழகியா?”

“நாம எல்லாரும் இவங்கள மாதிரி ஆகணும்.”

“ஆளே இல்லன்ற. அப்ப எப்டிமா ஆவறது?” என்று கேட்ட தேசம்மாவை வாரியக் குறிப்பில் “ஆர்வமுள்ள பயனாளி” என்று எழுதிக்கொண்டார்கள்.

முதல் பாடம், கைக்குட்டையைத் தவறவிடுதல். நளினமாக நழுவவிட வேண்டும். தானே எடுக்கக் கூடாது. ஓர் ஆண் குனிந்து எடுத்துத் தரும்வரை அடிவானத்தைப் பார்க்க வேண்டும். எடுத்துத் தருவதற்கென்று தங்கவேல் என்ற ஐஸ் வண்டிக்காரனை வாரியம் நியமித்தது. ஓடைமேட்டுக்குப்பத்துப் பெண்களுக்கோ கீழே விழுந்ததை எடுக்காமலிருக்கத் தெரியாது. கை தானாகப் போனது. விழுமுன்பே பிடித்தார்கள். தங்கவேலுக்குக் குனிய ஒரு வாய்ப்பும் கிடைக்காமல், கடைசியில் தன் துண்டைத் தானே போட்டுத் தானே எடுத்துக்கொண்டான். அவனுக்குத் தேர்ச்சி கிடைத்தது.

இரண்டாம் பாடம் உதட்டுச் சாயம். அதைப் பூசிக்கொண்டு பறிக்கயிற்றைப் பல்லில் கவ்வினால் கலைந்துவிடுகிறது. கயிற்றை விட்டுவிடும்படி வாரியம் அறிவுறுத்தியது. மூன்றாவது நகம். செக்கச் சிவந்த ஒட்டுநகங்களைப் பத்து விரலுக்கும் ஒட்டினார்கள். அன்றைக்கு ஏரியில் இறங்கிய அம்மணிக்கு ஒன்றும் தெரியவில்லை. எது இறால், எது கல், எது நண்டு, எது சிப்பி, எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. கண்ணைக் கட்டிவிட்டதைப் போலிருந்தது அவளுக்கு. ஒரு கெளுத்தியைப் பிடித்து முள் ஏறியதுதான் மிச்சம். கரையேறியதும் கல்லில் வைத்துப் பத்து நகத்தையும் பெயர்த்தெறிந்தாள்.

“அக்கா, அது வாரியத்தோட நகம்!” என்று ஆர்த்தி பதறினாள்.

“எடுத்துகினு போ. வெரலு என்னுது.”

இதற்கெல்லாம் பிறகும் அம்மணி வகுப்புக்குப் போனாள். தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டாளே. சந்தியா உள்ளே நிற்க, அந்தத் தாழ்ப்பாள் விழும் சத்தத்தை மனதுக்குள் கேட்டுக் கேட்டு, கைக்குட்டையைப் போடக் கற்றுக்கொண்டாள்.

திறப்புவிழாவுக்கு வாரியம் தைக்கச் சொன்ன ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் பழவேற்காட்டுக்குப் போனபோதுதான் விஷயம் வேறு பக்கம் திரும்பியது. தையல்கடை மலீஹாவுக்கும் அம்மணிக்கும் பழக்கம் அதிகம். வாராவாரம் இறால் கொடுக்கிற வீடு. மலீஹா அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு ரவிக்கையைத் தூக்கிக் காட்டினாள். முதுகுப்பக்கம் மேலிருந்து கீழ்வரை சின்னச் சின்னத் துணிப்பொத்தான்.

“இத்த போட்டு முடிக்கறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும்கா. நான் ஹூக்கு வைக்கறேன்னேன். வேணாம், மெதுவாத்தான் போடணும், அதான் அழகுன்னு தலைவரு சொல்லிட்டாராம்.”

“யாருக்கு அழகு? உள்ள தாப்பா போட்டுகினு மாத்தப்போறோம், எவன் பாக்கப் போறான்?”

மலீஹா ரவிக்கையைக் கீழே வைத்தாள். “அதான் எனக்கும் புரில. நாக்காலிக்கு வேற ஒறை தைக்கச் சொல்லி வெல்வெட்டு குடுத்து அனுப்பிக்கீறாங்க. அதோ, மூட்டையா கெடக்கு.”

“நாக்காலியா? நாங்க நின்னுகினுதானே மாத்துவோம்.”

“உங்களுக்கு இல்லக்கா,” என்று மலீஹா குரலைத் தாழ்த்தினாள். “எதிர்ல உக்கார்றவங்களுக்காம்.”

அம்மணி பஸ்ஸுக்கு நிற்கவில்லை. வந்த வேகத்தில் மாளிகையைச் சுற்றிக்கொண்டு ஏரிப்பக்கம் போய் நீலத் தார்ப்பாயைப் பிடித்து இழுத்தாள். அங்கே சுவர் இல்லை. தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. உள்ளே இருக்கும் வெல்வெட் திண்டு, கம்பளம், எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கண்ணாடிக்கு எதிரே, ஏரியை ஒட்டி, அவள் படித்துறை என்று நினைத்திருந்த இடத்தில் படிப்படியாக ஒரு மேடை. அதில் நாற்காலி போட இடம் விட்டிருந்தார்கள்.

துளசிங்கம் அப்போது வரவேற்பு வளைவை மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்தார். அம்மணி போய் முன்னால் நின்றாள்.

“நாங்க மறைவு கேட்டோம்யா.”

“மறைவுதானம்மா,” என்றார் அவர் பொறுமையாக. “கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்கள் எல்லோரும் அழைப்பிதழ் உள்ளவர்கள். அழைப்பிதழ் இல்லாமல் ஒருவர்கூட உங்களைப் பார்க்க முடியாது. அந்த அளவுக்குப் பாதுகாப்பு.”

“பாலத்து மேல நிக்கறவனுக்கும் இவங்களுக்கும் இன்னா வித்தியாசம்?”

துளசிங்கத்தின் முகம் வாடியது. உண்மையாகவே மனம் புண்பட்டுவிட்டார். “அவன் பொறுக்கி அம்மா. நின்றுகொண்டு பார்க்கிறான். இவர்கள் ரசிகர்கள். நீங்கள் ஈரச் சேலையோடு உள்ளே நுழைவீர்கள், அன்றைக்கு மட்டும் கம்பளத்துக்கு விதிவிலக்கு வாங்கியிருக்கிறேன். மெதுவாக, ஒரு மொட்டு மலர்வதுபோல, அந்தக் காலத்து நாயகியாக வெளியே வருவீர்கள். நிகழ்ச்சிக்கு ‘ஈரத்திலிருந்து எழில்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். திரையிருக்கிறது, கொஞ்சம் மெல்லிய திரைதான். உங்கள் மகளை முதலில் அனுப்பலாம் என்று ஆர்த்தி சொன்னாள். கூச்சப்படுகிற பெண்ணாம். கூச்சம்தான் இந்தக் காலத்தில் கிடைக்காத பொருள்!”

அம்மணி அவர் கண்ணைத் தேடிப் பார்த்தாள். நிலத்தின்மேல் ஆசை, வேறு ஏதாவது கள்ளம், எதுவாவது தெரிந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்றும் இல்லை. அந்த ஆள் நல்லது செய்துகொண்டிருப்பதாகவே நம்பினார்.

“வர மாட்டோம்னா?”

“வராவிட்டால் பயனாளி இல்லை என்று ஆகிவிடும். பயனாளி இல்லாத கட்டடத்தை இடிப்பதுதான் விதி. எனக்கே வருத்தமாக இருக்கும்.”

திறப்புவிழா அன்று காலையிலேயே ஆர்த்தி எல்லோருக்கும் ஒப்பனை போட்டுவிட்டாள். நேரம் மிச்சமாகட்டும் என்று முகமும் முடியும் முதலில், சேலை பிறகு. தண்ணீரில் கலையாத மை, கலையாத சாயம். நெற்றியில் சுருள், காதோரம் ரோஜா. பிறகு பழைய சேலையோடு ஏரியில் இறங்கிக் காத்திருக்க வேண்டும். கிராமபோன் பாடியதும் வரிசையாகக் கரையேற வேண்டும். வெல்வெட் நாற்காலிகளில் சென்னையிலிருந்து வந்தவர்கள் நிறைந்திருந்தார்கள்.

கிராமபோன் பாடியது. சந்தியா அம்மாவைப் பார்த்தாள். மை தீட்டிய அந்தக் கண்ணில் பயம் பெரிதாகத் தெரிந்தது.

அம்மணி நாக்கைத் தட்டி ஒரு சத்தம் கொடுத்தாள்.

இறால் பிடிக்கும் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆம்பளைகள் ஏறிய படகு பக்கத்தில் வந்தால், முதலில் பார்த்தவள் நாக்கைத் தட்டுவாள். கேட்டதும் எல்லோரும் கழுத்துவரை உட்கார்ந்துவிடுவார்கள். படகு கண்ணைவிட்டு மறையும்வரை ஒருத்தியும் எழமாட்டாள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, யாரும் மீறியதுமில்லை.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். தண்ணீருக்குமேல் வெறும் தலைகள். சுருள் முடி, ரோஜா, சிவந்த உதடு, பல்லில் பறிக்கயிறு.

“நாயகிகளே, எழுந்து வாருங்கள்,” என்றது ஒலிபெருக்கி. தலைகள் அசையவில்லை. கிராமபோன் முடிந்து மறுபடி பாடியது. துளசிங்கம் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். “அன்பர்களே, நீங்கள் காண்பது மிதக்கும் ஒப்பனை. இப்படியொரு முயற்சி இதற்குமுன் எங்கும் நடந்ததில்லை.” விருந்தினர்கள் எழுந்து ஏரிப்பக்கம் திரும்பி நின்று கை தட்டினார்கள், படம் எடுத்தார்கள். தலைகள் அவர்களையே பார்த்தன. பார்க்க வந்தவர்களுக்குத் தங்களை இத்தனை பேர் பார்ப்பது பழக்கமில்லை. ஒருவர் சட்டையைச் சரிசெய்துகொண்டார். ஓர் அம்மாள் கைப்பையை மடியில் வைத்து மறைத்துக்கொண்டாள்.

வெயில் ஏறியது. வெல்வெட் சுட்டது. ஒவ்வொருவராக எழுந்து காரைப் பார்த்துப் போனார்கள். தண்ணீருக்குள் பெண்கள் சும்மா இல்லை. கை சேற்றில் வேலை செய்துகொண்டேயிருந்தது. பறிகள் கனத்தன.

கடைசியில் துளசிங்கம் மட்டும் கரையோரம் வந்து நின்றார். “எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பீர்கள்?”

தேசம்மா கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள். “எங்களுக்கு இது ஆபீசு நைனா. நீ போ. வெயில்ல கறுத்துட்டின்னா அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ள படம் மாரி ஆயிடுவ.”

அவருடைய காரும் போனது. ஆர்த்தி மட்டும் மேடையில் உட்கார்ந்திருந்தாள். காலில் செருப்பு கடித்த புண். அம்மணி தண்ணீரை விட்டு எழுந்தாள். எழும்போது இரண்டு கையிலும் ஏரிச்சேற்றை அள்ளிக்கொண்டு எழுந்தாள். நேராக நடந்து போய் அந்தக் கண்ணாடியில் அப்பினாள். பின்னாலேயே தேசம்மா, அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். எட்டியவரை அப்பி, எட்டாத இடத்துக்கு வெல்வெட் நாற்காலியைப் போட்டு ஏறி அப்பினார்கள். கறுத்து, கெட்டியாகி, கடைசியில் அது சுவரானது.

ஆர்த்தி எழுந்தாள். தடுக்கப் போகிறாள் என்று அம்மணி சேற்றுக்கையோடு திரும்பினாள்.

“பொன்னேரி ஆட்டோ போயிடும்க்கா,” என்று மாளிகைச் சாவியை நாற்காலியில் வைத்துவிட்டு ஆர்த்தி நடந்தாள். அதிலும் ஏதாவது சூது இருக்குமோ என்று அவள் சாலை திரும்பும்வரை அம்மணி பார்த்துக்கொண்டே நின்றாள்.

முதலில் சந்தியாவை அழைத்துக்கொண்டு உள்ளே போனாள். கம்பளம் காலடியில் தண்ணீரை உறிஞ்சியது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். இருட்டு. ஆளுயர நிலைக்கண்ணாடியைச் சுற்றி மட்டும் மல்லிகை மொட்டுப் போலச் சின்னச் சின்ன பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. சந்தியா அம்மாவுக்கு முதுகு காட்டி நின்று முந்தானையில் கை வைத்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் தோள் தளர்ந்தது.

“இரு,” என்றாள் அம்மணி.

“இன்னாமா?”

அம்மணி நிலைக்கண்ணாடியின் சட்டத்தில் கை வைத்தாள். சேற்றில் தடவுவதுபோலவே, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு பல்பாகத் தடவிக்கொண்டு போனாள். சுட்டது. சுட்டது. சுட்டது. மேல் மூலைக்கு வந்ததும் விரல் நின்றது. அந்த ஒன்று மட்டும் சுடவில்லை.

திருகிப் பிடுங்கினாள். பின்னால் ஒல்லியாக ஒரு ஒயர் வந்தது. முன்னால், பல்பு இருக்க வேண்டிய இடத்தில், மீன் கண் அளவுக்கு ஒரு கண்ணாடிக்குமிழ். அடியில் வாரியத்தின் முத்திரையோடு ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தது. சந்தியா வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

“பயனாளிகளின் முன்னேற்றம் பதிவு செய்யப்படுகிறது. இங்கே பார்த்துப் புன்னகைக்கவும்.”

அம்மணி அதை வாங்கித் தரையில் போட்டு மிதித்தாள். கம்பளத்தில் உடையவில்லை. எடுத்துத் தன் பறிக்குள் இறாலோடு போட்டு மூடினாள்.

சந்தியா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “அதான் எடுத்துட்டியேமா. இன்னும் இன்னா தேடற?”

“எறா தனியா இருக்காதுடி,” என்றாள் அம்மணி, அடுத்த சுவரைத் தடவிக்கொண்டே.